பழைய நீச்சல் தடாகத்தின் ஸ்கிமர் ஃபிளாப் உடைந்தால்: கழற்றுவதிலிருந்து ஓடவிட்டுப் பார்ப்பது வரை

சித்திரையில் வேம்பு பூக்கும் காலம். கோண்டாவிலில் மாமா வீட்டு நீச்சல் தடாகத்தின் மேற்பரப்பு முழுக்க வேப்பம்பூ மிதந்தது. பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேற்பரப்புக் குப்பையை இழுத்தெடுக்கச் சுவரில் பதித்திருக்கும் ஸ்கிமர் பெட்டியின் வாய்க்குள் தண்ணீரும் போய்க்கொண்டுதான் இருந்தது. பூ மட்டும் வாய்க்கு முன்னால் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பித் தடாகத்துக்குள்ளேயே போனது. மூடியைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. வாய்க்குள் ஆடிக்கொண்டிருக்க வேண்டிய சின்னக் கதவு, அதாவது ஃபிளாப், கழன்று, கூடைக்கு மேல் சரிந்து கிடந்தது. அதன் ஒரு பக்கத்து முளை அடியோடு ஒடிந்திருந்தது.

போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் விடுதிகளிலும், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் கட்டிய தடாகங்கள் பலவற்றுக்கு இப்போது பத்து, பதினைந்து வயதாகிறது. சுவரும் ஓடும் நன்றாக இருக்கும். வெயிலும் குளோரினும் தின்ற பிளாஸ்ரிக் பாகங்கள்தான் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஸ்கிமரின் பெட்டி கொங்கிறீற்றுக்குள் புதைந்தது. அதை மாற்றுவதென்றால் தளத்தை உடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபிளாப், கூடை, மூடி மூன்றும் கையால் மாற்றக்கூடியவை. ஆகவே இந்த வேலை முழுக்க ஒரே ஒரு கவனம் வேண்டும்: மலிவான பாகத்தை மாற்றப்போய் விலையுயர்ந்த பெட்டியை உடைத்துவிடக் கூடாது.

அந்தச் சின்னக் கதவு என்ன செய்கிறது

ஃபிளாப் வாயின் அடியில் ஒரு பிணைச்சலில் நிற்கும். மேல்விளிம்பில் ஒரு ஸ்பொன்ச் துண்டோ, உள்ளே காற்று அடைத்த வெற்றிடமோ இருக்கும், அதனால் அது மிதக்கும். பம்ப் இழுக்கும்போது பெட்டிக்குள் நீர்மட்டம் தடாகத்தைவிடக் கொஞ்சம் இறங்கும். ஃபிளாப் உள்பக்கம் சாயும். அதன் விளிம்புக்கு மேலால் தண்ணீர் மெல்லிய தகடு போல விரைவாக வழியும். தூசி, பூ, உடம்பில் பூசிய எண்ணெய், இறந்த பூச்சி எல்லாம் மேற்பரப்பில்தான் மிதக்கின்றன. அந்த மேல்தண்ணீரை மட்டும் வேகமாக இழுப்பதுதான் ஸ்கிமரின் வேலை. ஃபிளாப் இல்லாவிட்டால் வாய் முழுவதாலும் தண்ணீர் ஆறுதலாகப் போகும். ஆழத்துத் தண்ணீரும் சேர்ந்து போகும், மேற்பரப்பு அசையாது. எங்கள் வேப்பம்பூ சுற்றிக்கொண்டு நின்றதன் காரணம் அதுதான்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. பம்ப் நின்றதும் அது நிமிர்ந்து வாயை மூடும். கூடைக்குள் போன குப்பை திரும்பத் தடாகத்துக்குள் வராது.

கீரிமலைக் கேணியில் ஊற்று நீர் தானாக வந்து தானாக வெளியேறும், யாரும் எதையும் வடிக்கத் தேவையில்லை. வீட்டுத் தடாகத்தில் அதே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறோம். மேற்பரப்பை வடிக்காவிட்டால் குப்பை ஊறி அடியில் இறங்கும், பிறகு குளோரின் செலவுதான் கூடும்.

முதலில் எது உடைந்தது என்று பாருங்கள்

மூடி உடைந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை உடனே கவனியுங்கள். தளத்தில் ஒரு காலளவு ஓட்டை அது. சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் இடம். புது மூடி வரும்வரை கனமான பலகையை வைத்து மேலே கல்லேற்றுங்கள். மூடியும் கூடையும் வாங்குவது சுலபம், அளவு சரியாக இருந்தால் போட்டுவிடலாம். கூடை உடைந்திருந்தால் அது இல்லாமல் பம்பை ஓட்டாதீர்கள், இலையெல்லாம் நேரே உறிஞ்சு குழாய்க்குள் போகும்.

ஃபிளாப் விடயத்தில் இரண்டு விதக் கோளாறு. ஒன்று, கழன்று விழுந்தது அல்லது ஒடிந்தது. பம்புக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் ஒடிந்த துண்டு உறிஞ்சு துவாரத்தை அடைக்கலாம், அதனால் வெளியே எடுத்துவிடுங்கள். மற்றது, நிமிர்ந்தபடி இறுகிக் கிடப்பது. இதுதான் மோசமானது. தண்ணீர் உள்ளே வராது, பெட்டி வற்றும், பம்ப் காற்றை இழுக்கும். தண்ணீரில்லாமல் ஓடும் பம்பின் சீல் சூடேறிக் கெட்டுவிடும். பம்பின் கண்ணாடி மூடிக்குள் குமிழ் குமிழாகக் காற்று தெரிந்தால் முதலில் ஃபிளாப்பைப் போய்ப் பாருங்கள். புதுப் பாகம் வரும்வரை இறுகிய ஃபிளாப்போடு ஓட்டுவதைவிட அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நல்லது.

ஏன் இங்கே அடிக்கடி இறுகுகிறது? எங்கள் மண்ணுக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் தாராளமாக இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதும் ஃபிளாப்பின் பிணைச்சலில் படிவதும் ஒன்றுதான். தடாகத்துக்குப் போடுகிற தூள் குளோரின், அதாவது கல்சியம் ஹைப்போகுளோரைட், அந்தக் கல்சியத்தை இன்னும் கூட்டும். முளையைச் சுற்றி மெல்ல மெல்லக் கல் பிடிக்கும். ஃபிளாப் ஆட மறுக்கும். ஒருநாள் யாராவது கையால் தள்ளும்போது முளை ஒடியும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். ஒடிந்த இடத்தைச் சுற்றி அரை மில்லிமீற்றர் தடிப்பில் வெள்ளைக் கல் வளையம் போட்டிருந்தது.

கை வைக்கும் முன்

பம்பின் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பெரும்பாலான பம்புகளுக்கு ரைமர் இருக்கிறது, குறித்த நேரம் வந்தால் அது தானாக ஓடத் தொடங்கும். "இப்ப கரண்ட் இல்லைத்தானே" என்று கையை விடுவதும் கூடாது. கரண்ட் திரும்பி வரும் நேரம் உங்கள் கை உறிஞ்சு துவாரத்தின்மேல் இருந்தால் அதை இழுத்தெடுப்பது லேசல்ல. பம்புக்குரிய பிறேக்கரையே இறக்கிவிட்டு, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் அதன்மேல் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் தடாகத்துக்குள் விடாதீர்கள்.

பிறகு மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பெட்டிக்குள் தவளை இருப்பது சாதாரணம். மாரியில் பாம்பும் இருக்கும். ஒரு தடியால் கூடையை அசைத்துப் பார்த்த பிறகே கையை விடுங்கள். கூடைக்குள் குளோரின் குளிசை கிடந்தால் கையுறை போட்டு எடுங்கள், மூடியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதீர்கள், ஆவி கண்ணை எரிக்கும்.

ஃபிளாப் மாற்றுவதற்குத் தடாகத்துத் தண்ணீரை இறக்கத் தேவையில்லை. கையை நனைத்தே செய்யலாம். ஆனால் பெட்டியின் பக்கச்சுவரில் ஏதாவது ஒட்ட வேண்டி வந்தால் தண்ணீர் வாய்க்கு ஒரு சாண் கீழே நின்றால் வசதி. 8 மீற்றருக்கு 4 மீற்றர் தடாகத்தில் 15 சென்ரிமீற்றர் இறக்கினால் 4,800 லீற்றர் வெளியே போகும். கோடையில் கிணறு வற்றும் நாளில் இது சின்ன விடயமல்ல. ஆகவே ஒட்டுகிற வேலை உண்டா இல்லையா என்று முதலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தண்ணீரை இறக்குவதானால் ஸ்கிமர் வால்வை மூடிவிட்டு, அடிவடிகாலைத் திறந்து, ஃபில்டரின் கழிவு வழியால் விடுங்கள். குளோரின் உள்ள தண்ணீரைத் தோட்டத்து மிளகாய்க் கன்றுக்கோ வெற்றிலைக் கொடிக்கோ நேரே பாய்ச்ச வேண்டாம்.

பழையதைக் கழற்றுவது

இந்த இடத்தில்தான் அவசரம் கூடாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஃபிளாப்பின் ஒரு முளை ஒடிந்தது, மற்றது பெட்டிச் சுவரின் துவாரத்துக்குள் இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினேன். "டிக்" என்றொரு சத்தம். முளை வரவில்லை, துவாரத்தின் விளிம்பில் நகத்தளவு பிளாஸ்ரிக் துண்டு தெறித்துத் தண்ணீருக்குள் விழுந்தது. பக்கத்துக் காணியில் மதில் வேலை செய்துகொண்டிருந்த மேசன் அண்ணை சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உதை நெம்பாதேயும். பழைய பிளாஸ்ரிக், ஓடு மாதிரி வெடிக்கும். கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திப் பாரும்."

"பெட்டி உருகாதோ அண்ணை?"

"கொதிக்கக் கொதிக்க ஊத்தச் சொல்லேல்லை. கை பொறுக்கிற சூடு காணும்."

அவர் சொன்னதுதான் சரியான வழி. கை தாங்கும் சூட்டில் ஒரு துணியை நனைத்து அந்த மூலையில் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். கல் பிடித்த இடத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். முளை குறட்டின் நுனியில் மெல்ல உருண்டு வெளியே வந்தது.

முளை எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பது உற்பத்தியாளரைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடித்த பிறகே இழுங்கள். ஒரு வகையில் ஃபிளாப்பின் ஒரு நுனியில் ஸ்பிரிங் வைத்த முளை இருக்கும். விரலால் அதை உள்ளே அழுத்திக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கினால் மற்றப் பக்கம் தானாகக் கழரும். இன்னொரு வகையில் இரண்டு பக்கமும் அசையாத முளைகள், ஃபிளாப்பின் நடுவை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் வளைத்தால்தான் துவாரத்திலிருந்து வெளியே வரும். பழைய ஃபிளாப் வளையாமல் ஒடியும். எப்படியும் மாற்றப்போகிறோம் என்றால் நடுவில் கைவாளால் அறுத்து இரண்டு துண்டாக எடுப்பதே பெட்டிக்குப் பாதுகாப்பு. மூன்றாவது வகையில் ஃபிளாப் ஒரு சட்டத்தோடு சேர்ந்து வரும், சட்டம் வாய்க்குள் இறுக்கிப் பொருத்தியிருக்கும். அதைச் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே முன்னால் இழுக்க வேண்டும்.

கழற்றியதும் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைக் கரையுங்கள். கடையில் விற்கும் சாதாரண வினாகிரி போதும். துணியை நனைத்து ஒட்டிவைத்தால் சின்னக் குமிழ்கள் வரும், அரைமணி நேரத்தில் கல் இளகும். ஒன்றை மறக்காதீர்கள். வினாகிரி அமிலம். குளோரின் தூளோ குளிசையோ ஒட்டியிருக்கும் இடத்தில் அதை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். முதலில் பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவி, குளோரின் வாளியைத் தூரத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கடும் அமிலம் கொண்டுவந்து ஊற்றும் யோசனை வேண்டாம், ஓடுகளுக்கு இடையில் உள்ள சீமெந்தை அது தின்றுவிடும்.

அளப்பது

கடையில் "ஸ்கிமர் ஃபிளாப் ஒண்டு தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் ஒன்றைத் தருவார். அது பெரும்பாலும் பொருந்தாது. ஒவ்வொரு உற்பத்தியாளரும் வாயின் அகலத்தையும் முளையின் இடத்தையும் தங்கள் விருப்பத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

முதலில் பெயரைத் தேடுங்கள். மூடியின் அடிப்பக்கத்திலும் கூடையின் அடியிலும் பெட்டியின் உட்சுவரிலும் உற்பத்தியாளரின் பெயரோ அச்சு எண்ணோ பதிந்திருக்கும். அழுக்கில் தெரியாவிட்டால் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்தின் நிழல் விழும். பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கிடைக்காவிட்டால் அளவுதான் கதி. உடைந்த ஃபிளாப்பை மட்டும் அளக்காதீர்கள், அது தேய்ந்திருக்கும், வெயிலில் வளைந்திருக்கும். வாயை அளவுங்கள். அதுவும் வாயின் முன்விளிம்பில் அல்ல. பல ஸ்கிமர்களின் வாய் முன்னால் அகன்று உள்ளே போகப் போக ஒடுங்கும். முளைத் துவாரங்கள் இருக்கும் கோட்டில் ஒரு அளவு, ஃபிளாப் நிமிர்ந்து நிற்கும்போது அதன் மேல்விளிம்பு வரும் இடத்தில் ஒரு அளவு, ஃபிளாப் உள்ளே சாய்ந்து படுக்கும் இடத்தில் ஒரு அளவு. எங்கள் ஸ்கிமரில் முன்விளிம்பு 190 மி.மீ., பிணைச்சல் கோட்டில் 186 மி.மீ. முன்விளிம்பை நம்பி வாங்கியிருந்தால் ஃபிளாப் பாதிவழியில் சிக்கியிருக்கும். மூன்றிலும் சிறிய அளவிலிருந்து இரண்டு பக்கமும் 2 மி.மீ. விட்டு ஃபிளாப்பின் அகலத்தைக் கணக்கிடுங்கள்.

அகலத்தோடு உயரம், முளையின் விட்டம், முளையின் நீளம், துவாரத்துக்கும் வாயின் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விடுவார்கள். அது குறைந்தால் ஃபிளாப்பின் அடி தரையில் உரசும்.

பிறகு தடித்த அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, அந்த அளவில் ஒரு மாதிரி ஃபிளாப் செய்து, உண்மையாகவே வாய்க்குள் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒரு கால்மணி நேர வேலை. அட்டை உரசாமல் ஆடினால் அளவு சரி. அதன் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்தால் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பலாம்.

எங்கே கிடைக்கும், எதில் ஏமாறலாம்

யாழ் நகரத்து ஹாட்வெயார் கடைகளில் பைப்பும் வால்வும் தாராளமாக இருக்கும், ஸ்கிமரின் உதிரிப்பாகம் இருப்பது அபூர்வம். கொழும்பில் நீச்சல் தடாக உபகரணம் விற்கும் கடைகளுக்கு அட்டை மாதிரியின் படத்தை அனுப்பினால் பஸ் பார்சலில் வந்துவிடும். அடுத்த வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வரும் யாராவது சூட்கேசில் கொண்டுவருவது. ஃபிளாப், கூடை, மூடி மூன்றுக்கும் இது நல்ல வழி, பாரமும் இல்லை.

ஆனால் குழாயோடு சேரும் பாகம் எதையும் வட அமெரிக்காவிலிருந்து எடுக்கும் முன் நிறுத்தி யோசியுங்கள். இங்கே நாங்கள் "ஒண்டரை இஞ்சி" என்று சொல்லும் பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 50 மி.மீ., "ரெண்டு இஞ்சி" என்பது 63 மி.மீ. அங்கே ஒன்றரை இஞ்சி என்றால் 48.3 மி.மீ., இரண்டு இஞ்சி என்றால் 60.3 மி.மீ. பெயர் ஒன்று, பைப் வேறு. ஒட்டுப்பசையால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. மரையும் அப்படித்தான். ஒன்றரை இஞ்சி மரையில் எங்கள் பக்கத்து முறையில் ஒரு இஞ்சிக்கு 11 சுற்று, அமெரிக்க முறையில் 11½ சுற்று. முதல் இரண்டு சுற்றும் அழகாக ஏறும், பிறகு இறுகும். இன்னும் பலமாக முறுக்கினால் பெட்டியின் அடி வெடிக்கும்.

எங்கேயும் கிடைக்காவிட்டால் செய்தும் போடலாம். செய்முறை எளிது. 110 மி.மீ. பி.வி.சி. பைப் துண்டொன்றை நீளவாக்கில் அறுத்து, வெப்பக் காற்று ஊதியால் இளக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் அழுத்தினால் தட்டையான தகடு கிடைக்கும். வெளியில் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கருகவிடக் கூடாது, பி.வி.சி. கருகும் புகை நெஞ்சைப் பிடிக்கும். அட்டை மாதிரியை வைத்து வெட்டி, விளிம்புகளை அரத்தால் உருட்டுங்கள். மிதப்புக்கு பழைய றப்பர் செருப்பின் அடிப்பகுதி அருமையான பொருள். தண்ணீரை உறிஞ்சாது, குளோரினையும் ஓரளவு தாங்கும். விரலளவு அகலப் பட்டியாக வெட்டி மேல்விளிம்பில் உள்பக்கமாக இறுக்கிப் பொருத்துங்கள். முளைக்கு எவர்சில்வர் கம்பி போடுவதென்றால் 316 தரம் கேளுங்கள். 304 தரம் குளோரினிலும் எங்கள் உப்புக்காற்றிலும் புள்ளி புள்ளியாக அரிக்கும். செய்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், மேல்விளிம்பு மேலே பார்த்தபடி மிதக்க வேண்டும். படுத்துக்கொண்டால் செருப்புப் பட்டி போதவில்லை.

தேய்ந்த துவாரம்

புது ஃபிளாப் கையில் இருக்கும், முளை நிற்கும் துவாரம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும், அல்லது என் கதை போல விளிம்பு தெறித்திருக்கும். உடனே துளைபோடும் மெஷினை எடுக்காதீர்கள். பெட்டிச் சுவர் சில மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதைத் துளைத்துக்கொண்டு போனால் தண்ணீர் கொங்கிறீற்றுக்குப் பின்னால் கசியும். அந்தக் கசிவை வெளியிலிருந்து யாரும் காணமாட்டார்கள், கிணற்றிலிருந்து நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

தண்ணீருக்குள்ளும் இறுகும் இரட்டைக் கலவை எப்பொக்சி, பிசைந்த மா போல வரும், அதுதான் இதற்கு மருந்து. தண்ணீரை வாய்க்குக் கீழே இறக்கி, துவாரத்தைச் சுற்றிச் சாண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கி, துடைத்துக் காயவிடுங்கள். முளையில் மெழுகுதிரி மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஒட்டிவிடும். எப்பொக்சியை இரண்டு கையாலும் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, துவாரத்தில் அழுத்தி, முளையைச் சரியான உயரத்தில் குத்தி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று அடித்தளத்திலிருந்து அளந்து பாருங்கள். ஒரு முழு நாள் தொடாமல் விட்டுவிட்டு, முளையைச் சுழற்றி வெளியே எடுங்கள். சுத்தமான புதுத் துவாரம் நிற்கும். நான் தெறிக்கவைத்த விளிம்பை இப்படித்தான் கட்டியெழுப்பினேன், இரண்டு மாரி தாண்டி இன்னும் நிற்கிறது.

பைப் ஒட்டும் பி.வி.சி. சொலுஷனால் இந்த வேலை செய்யாதீர்கள். பல ஸ்கிமர் பெட்டிகள் ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்ரிக்கில் செய்தவை. பி.வி.சி. சொலுஷன் அதில் நம்பகமாகப் பிடிக்காது. உங்கள் பெட்டி எது என்று அறிய எளிய வழி உண்டு. உடைந்து விழுந்த துண்டு ஒன்றை எடுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஆனையிறவு உப்பை இனிக் கரையாது என்னும்வரை போட்டுக் கலக்குங்கள். துண்டை அதில் போடுங்கள். ஏ.பி.எஸ். என்றால் பெரும்பாலும் மிதக்கும், பி.வி.சி. தாழும். நல்ல தண்ணீரில் இரண்டும் தாழும், அதனால் உப்பு அவசியம்.

போட்டு ஓடவிடுதல்

புது ஃபிளாப்பின் அசையாத முளையை முதலில் துவாரத்தில் வையுங்கள். ஸ்பிரிங் முளையை அழுத்தி மற்றப் பக்கத்தை இறக்குங்கள். மிதப்புப் பட்டி மேலே இருக்க வேண்டும். ஃபிளாப் பெட்டியின் உள்பக்கம் சாய வேண்டும், தடாகத்தின் பக்கம் மடங்கக் கூடாது. விரலால் தள்ளி விடுங்கள். எங்கேயும் உரசாமல், தானாக, முழுதாக நிமிர்ந்தால் சரி. ஒரு மூலை பிடித்தால் அந்த விளிம்பை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். பெட்டிச் சுவரை அராவாதீர்கள். பிணைச்சலுக்கு எண்ணெய் தேவையில்லை. பம்பின் றப்பர் வளையத்துக்கு ஏதாவது பூசுவதானால் சிலிக்கன் கிரீஸ் மட்டும், வாசிலீன் றப்பரை ஊதவைக்கும்.

கூடையைப் போட்டு, மூடியை மூடி, நீர்மட்டத்தை வாயின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் போனால் ஃபிளாப் வேலை செய்யாது, கீழே போனால் காற்று இழுக்கும். பிறேக்கரைப் போட்டு பம்பை ஓடவிடுங்கள். ஃபில்டரின் காற்றுத் திருகைத் திறந்து தண்ணீர் சீறும்வரை விட்டு மூடுங்கள். பம்பின் கண்ணாடியில் குமிழ் நிற்க வேண்டும்.

இப்போது ஒரு பிடி பொரியைத் தடாகத்தின் மறுமுனையில் தூவுங்கள். பொரி பாரமில்லாதது, வெள்ளையாய்த் தெரியும், மேற்பரப்பு எப்படி அசைகிறது என்பதை அதைப்போல எதுவும் காட்டாது. முதலில் சும்மா நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக வரிசைகட்டி ஸ்கிமரை நோக்கி வரும். வாய்க்கு ஒரு முழம் கிட்ட வந்ததும் வேகம் பிடித்து, ஃபிளாப்பின் விளிம்பால் வழுக்கி உள்ளே விழும். அன்று மாமாவும் நானும் கரையில் குந்தியிருந்து கடைசிப் பொரி போகும்வரை பார்த்தோம். பொரி வாய்க்கு முன்னால் தயங்கினால் அடிவடிகால் வால்வைக் கொஞ்சம் மூடி, ஸ்கிமர் பக்கத்து இழுவையைக் கூட்டுங்கள். ஃபிளாப் அடியோடு படுத்துவிட்டால் இழுவை கூடிவிட்டது, குறையுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் குப்பை ஒரு பக்கம் ஒதுங்கும், வாடையில் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். ஸ்கிமர் இருக்கும் பக்கம் காற்றுக்கு மாறாக இருக்கும் பருவத்தில் இழுவையைக் கொஞ்சம் கூட்டிவைப்பது நல்லது. முடிந்ததும் பம்பை நிறுத்திப் பாருங்கள். ஃபிளாப் நிமிர்ந்து வாயை மூடினால் வேலை முடிந்தது. கூடையில் சேர்ந்த பொரியை அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

பெட்டியே வெடித்திருந்தால்

ஃபிளாப் மாற்றிய பிறகும் தண்ணீர் குறைந்தால் பெட்டியில் கீறல் இருக்கலாம், வாய்க்கும் ஓட்டுக்கும் நடுவில் பிளவு விழுந்திருக்கலாம். முதலில் ஆவியாகிறதா, கசிகிறதா என்று பிரித்தறியுங்கள். வாளியில் தண்ணீர் நிரப்பித் தடாகத்தின் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் கோடு போட்டு, 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. தடாகம் கூட இறங்கினால் கசிவு. பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயத்தைப் பிளவுக்குக் கிட்ட ஒரு துளி விடுங்கள். சாயம் பிளவுக்குள் இழுபட்டால் அதுதான் இடம். சின்னப் பிளவென்றால் மேலே சொன்ன அதே எப்பொக்சியால் அடைக்கலாம்.

பெட்டியையே மாற்ற வேண்டி வந்தால் அதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஆனால் எப்போது செய்வது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடி நீர் மேலே எழும். அப்போது யாராவது "தண்ணியை முழுக்க இறைச்சாத்தான் வேலை செய்யலாம்" என்று சொன்னால் விடாதீர்கள். வெறுமையான தடாகம் ஒரு தோணி. கீழிருந்து வரும் அழுத்தம் அதைத் தூக்கும், அடித்தளம் வெடிக்கும். ஸ்கிமர் வேலைக்கு வாய்க்குக் கீழே இறக்கினால் போதும், பங்குனியிலோ ஆடியிலோ செய்யுங்கள்.

புது ஃபிளாப் நெடுநாள் நிற்பதற்கு இரண்டு விடயம். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வினாகிரியில் ஒரு மணிநேரம் ஊறவிட்டு, திரும்பவும் கழுவிப் போடுங்கள். மற்றது, குளோரின் குளிசையைக் கூடைக்குள் போடாதீர்கள். பலரும் வசதிக்காகச் செய்வது இது. குளிசையில் இருக்கும் குளோரின் அமிலத்தன்மை கொண்டது. பம்ப் நின்றிருக்கும் இரவு முழுக்க அது பெட்டிக்குள்ளேயே கரைந்து, அங்குள்ள பிளாஸ்ரிக்கை நொறுங்கவைக்கும். காலையில் பம்பைப் போட்டதும் அந்தக் கடும் தண்ணீர் நேரே பம்புக்குள் போகும். அதைவிட ஆபத்து, அதே கூடைக்குள் இன்னொருவர் தூள் குளோரினைக் கொட்டுவது. இந்த இரண்டு வகையும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மிதக்கும் குளோரின் டப்பா வாங்கி அதற்குள் குளிசையைப் போடுங்கள், தூளை வேறு அலுமாரியில் வையுங்கள், இரண்டுக்கும் ஒரே அகப்பையைப் பாவிக்காதீர்கள்.